கனடாப் பூட்ஸும் கலியாண வீடும்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 27 வயது. ஊர் கோப்பாய், வேலை யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணா எனக்கு ஒரு சோடி விங்டிப் பூட்ஸ் தந்துவிட்டுப் போனார். கணுக்காலுக்கு மேலே வரும். இளம் பழுப்புத் தோல், முன்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாகப் பூ வேலை, கீழே பல்லு வைத்த தடித்த கறுப்பு அடி. "டெனிமுக்கும் போடலாம், கோட்சூட்டுக்கும் போடலாம், இனி நீ வேறு சப்பாத்து வாங்கத் தேவையில்லை" என்றார். அம்மா பார்த்துவிட்டு "பொலிஸ்காரன்ர சப்பாத்து" என்கிறா. நத்தார் முடிந்த கையோடு நண்பனுக்குக் கலியாணம். காலையில் தேவாலயம், இரவு ஹோட்டலில் வரவேற்பு. என்னிடம் கருநீலக் கோட்சூட் ஒன்று இருக்கிறது. தை மாதம் கொழும்பில் ஒரு வங்கியில் நேர்முகத் தேர்வும் இருக்கிறது. அண்ணா சொன்னது சரியா? என் உயரம் 5 அடி 4 அங்குலம். படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, அண்ணா சொன்னது பாதி சரி. மற்றப் பாதி ரொறன்ரோவில் சரி, கோப்பாயில் கொஞ்சம் இடிக்கும்.

நான் கோட்சூட் தைக்கிறவன். சப்பாத்து என் தொழில் இல்லை. ஆனால் முப்பது வருடமாக லோங்ஸுக்கு நீளம் குறிக்கக் குனிகிற ஒவ்வொரு முறையும் என் மூக்குக்கு நேரே நிற்பது வாடிக்கையாளரின் சப்பாத்துத்தான். அதனால் அதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் தானாக வளர்ந்துவிட்டது. உமது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் நல்ல தோல், தையலும் நேர். சிக்கல் அடியில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த ஓட்டைகள். என் கடைக்கு வருகிறவர்கள் இதை 'ஓட்டைச் சப்பாத்து' என்பார்கள். கிண்டலாகச் சொன்னாலும் அதன் சரித்திரம் அதுதான். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் சதுப்பு நிலத்தில் நடந்தவர்கள், உள்ளே புகுந்த தண்ணீர் வடியட்டும் என்று தோலில் துளை போட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். இந்த ஓட்டைச் சப்பாத்துக்கு உள்ள 'புரோக்' என்ற பெயரே அந்தப் பக்கத்துக் கெய்லிக் மொழியில் சப்பாத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இப்போதைய துளைகள் மேல்தோலோடு நின்றுவிடும். உள்ளே இன்னொரு தோலோ துணியோ இருக்கும், தண்ணீர் ஒரு சொட்டும் வடியாது. முனையில் இருக்கிற துண்டை மேலேயிருந்து பாரும். நடுவில் கூராகி, இரண்டு பக்கமும் செட்டை விரித்துப் பின்னால் ஓடும். அமெரிக்கர்களுக்கு அது செட்டையாகத் தெரிந்தது, விங்டிப் என்றார்கள். இங்கிலாந்தில் அதையே ஃபுல் புரோக் என்பார்கள்.

ஆக இது வயல்வெளிக்கும் வேட்டைக்கும் போன சப்பாத்து. 1920களில் அன்றைய வேல்ஸ் இளவரசர், அதுதான் பிறகு மன்னராகியும் முடி சூடாமலே பதவியை விட்ட எட்டாம் எட்வேர்ட், இதைக் கொல்ஃப் மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். மெல்ல மெல்ல அது ரவுணுக்குள் வந்து சேர்ந்தது. வந்தும் தோட்டத்து வாசம் முழுதாகப் போகவில்லை. சப்பாத்துக்காரர்களின் கணக்கு இன்றைக்கும் ஒன்றுதான்: துளை கூடக் கூட மரியாதை குறையும். துளையே இல்லாத வெறும் கறுப்பு ஒக்ஸ்போர்ட், அதாவது நூல் கட்டுகிற சாதாரணக் கோட்சூட் சப்பாத்து, உச்சியில் இருக்கும். முனையில் குறுக்காக ஒரு நேர்த் தையல் மட்டும் ஓடுவது அதற்கடுத்தது. அந்தத் தையலோரம் துளை வந்தால் ஒரு படி கீழே, மூக்கில் பூவும் வந்தால் இன்னொரு படி கீழே. செட்டை விரித்த முழுப் புரோக் கடைசிப் படியில் நிற்கும். அதையே கணுக்காலுக்கு மேலே இழுத்துப் பூட்ஸ் ஆக்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

'இரண்டுக்கும் போடலாம்' என்ற பேச்சு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. டெனிமோடு போடுகிற சப்பாத்துகளுக்குள் விங்டிப் பூட்ஸ் ஒரு பெரிய மனுசன். கோட்சூட்டோடு போடுகிறவைக்குள் அது ஒரு காட்டான். இப்படி நடுவில் நிற்கிறதை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அடியும் நிறமும்தான்.

உமது பூட்ஸின் அடி மலையேறுகிறவர்களுக்காகப் பிறந்தது. விற்றாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தார். அந்தக் குளிருக்கும் பாறைக்கும் ஏற்ற சப்பாத்து அவர்கள் காலில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் றப்பரில் பல்லு வைத்து ஒரு அடி செய்து 1937இல் வெளியே விட்டார். கரார்மாட்டோ என்று பெயர், இத்தாலிய மொழியில் யுத்த டாங்கி. இன்றைக்கு உலகம் முழுக்கப் பூட்ஸுகளில் இருக்கிற பல்லு அடிக்கு மூலம் அதுதான். பாறையில் பிடிக்கும், மார்கழி மழையில் கோப்பாய்ச் செம்மண் சகதியிலும் பிடிக்கும். ஆனால் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவருக்கு மேலே இருக்கிற பூ வேலை தெரியாது. தடித்த கறுப்புப் பல்லுத்தான் தெரியும். அம்மா பொலிஸ்காரன் சப்பாத்து என்றது இதைப் பார்த்துத்தான். அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறா.

படத்தை என் கடைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிற அண்ணரிடமும் காட்டினேன். அவர் படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "தோல் தங்கம். அடிதான் பேய். பல்லைக் கழட்டிப் போட்டு மெல்லிசு றப்பர் அடி போட்டா கலியாண வீட்டுக்குப் போகும். இல்லாட்டித் தோட்டத்துக்குத் தண்ணி மாறத்தான்."

அடியை மாற்றலாமா என்பது பூட்ஸை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேல்தோலுக்கும் அடிக்கும் நடுவில் சுற்றிவர ஒரு தோல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு, அதன்மேல் தையல் ஓடுகிறதா என்று பாரும். அது உண்மையான தையல் என்றால் அடியை வெட்டி எடுத்துவிட்டு வேறு அடி தைக்கலாம். மேல்தோல் குலையாது. அந்த விளிம்பைத் தைக்கிற முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இயந்திரத்துக்கு வந்தது, குட்இயர் வெல்ட் என்று பெயர். ஆனால் ஏமாந்துவிடாதேயும். றப்பரை வார்க்கும்போதே தையல் மாதிரி வரி போட்டுவிடுகிற அடிகளும் இருக்கின்றன. ஒரு ஊசியை எடுத்து அந்த நூலுக்குக் கீழே விட்டுக் கிளப்பிப் பாரும். நூல் கிளம்பினால் தையல், கிளம்பாவிட்டால் வேஷம். வேஷம் என்றால் அடியில் கை வைக்காதேயும், ஒட்டின அடியைப் பிரிக்கப் போய் மேல்தோலும் கிழிந்து வரும்.

அடியைப் பற்றி இன்னொன்று. இது என் கடையில் நடந்தது. ஒரு மாப்பிள்ளைத் தோழன் கோட் போட்டுப் பார்க்க வந்தார். வெளிநாட்டுச் சித்தப்பா தந்த பூட்ஸாம், 'நல்ல நாளுக்கு' என்று ஐந்து வருடம் பெட்டியோடு அலுமாரியில் வைத்திருந்தாராம். வாசலிலிருந்து கண்ணாடிவரை ஒரு பத்து அடி நடந்தார். பின்னால் நிலமெல்லாம் கறுப்புத் தூள். குதிப் பக்கம் அடி பிட்டு மாதிரி உதிர்ந்து கொட்டியது. அவர் அதைக் கையில் எடுத்து விரலால் நசித்துப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பொலியூரித்தேன் என்கிற பொருளில் செய்த அடிக்கு இதுதான் வியாதி. காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே புகுந்து அதை மெல்ல மெல்லப் பிரித்துவிடும். போட்டுத் திரிந்தால் நாள் ஓடும், பெட்டிக்குள் பூட்டி வைத்தால்தான் கெதியாகக் கெடும். கடற்காற்றும் புழுக்கமுமான எங்கள் ஊரில் சொல்லவே தேவையில்லை. அதனால் இன்றைக்கே உமது அடியைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாரும். நகம் பதிந்து பள்ளம் நின்றாலோ, தொட்ட இடம் பிசுபிசுத்தாலோ, அதை நம்பித் தேவாலயத்துக்குப் போகாதேயும். நல்ல றப்பர் என்றால் அழுத்தின இடம் உடனே திரும்பி வரும்.

இனி நிறம். கருநீலத்துக்குக் கீழே இளம் பழுப்பு என்பது காலில் இரண்டு லைட் எரிகிற மாதிரி. பத்திரிகைப் படங்களில் அப்படிப் போடுகிறார்கள்தான். அவர்கள் ஆறடி ஆட்கள். உமக்கு 5 அடி 4. லோங்ஸ் கருமையாக வந்து கணுக்காலில் திடீரென்று வெளுத்தால் கால் அந்த இடத்தில் வெட்டுப்பட்ட மாதிரி தெரியும், ஆள் இன்னும் குள்ளமாகிவிடுவார். பூட்ஸின் கருமை லோங்ஸின் கருமைக்குக் கிட்ட வரவேண்டும். நல்ல காலம், பழுப்புத் தோலை வெளுக்கப் பண்ணுவதுதான் கஷ்டம், இருட்டாக்குவது சுகம். நாக்குப் பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாரும். தண்ணீர் உள்ளே இழுபட்டுக் கறுத்தால் தோல் நிறம் குடிக்கும். முத்து முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு அடித்த தோல், அது குடிக்காது. குடிக்கிற தோல் என்றால் கடும் பழுப்புக் கிறீமை மெல்லிசாகப் பூசி, ஒரு இரவு விட்டு, பிரஷ் பண்ணி, மறுபடி பூசும். நாலைந்து தடவையில் இரண்டு படி இருட்டிவிடும். துளைகளுக்குள் கிறீம் அடைந்து காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும், கிட்டப் பார்த்தால் சுண்ணாம்பு தெறித்த மாதிரி. பழைய பல்லுப் பிரஷ் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வையும். செம்மண் அடைகிற துளைகளுக்கும் அதே பிரஷ்தான்.

படத்தில் பூட்ஸைக் கட்டியிருக்கிற நூல் மஞ்சள் புள்ளி போட்ட தடித்த நூல். அதையும் இழுத்து எறியும். கடும் பழுப்பில், மெழுகு பூசின, மெல்லிய உருண்டை நூல் ஒரு சோடி வாங்கிப் போடும். நூல் கோக்க ஆறு ஏழு சோடித் துளை உள்ள பூட்ஸுக்கு 120 முதல் 140 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். இவ்வளவு மலிவில் ஒரு சப்பாத்தின் குணத்தை மாற்றுகிற வேறு சாமான் எனக்குத் தெரியாது.

இப்போது ரொறன்ரோவுக்கு வருகிறேன். அண்ணா அங்கே இந்தப் பூட்ஸைக் கோட்சூட்டோடு போடுகிறார் என்றால் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே அது தனியே போவதில்லை, தன் சொந்தக்காரரோடு போகும்: ட்வீட், ஃபிளனல், தடித்த கோடுரோய். எல்லாம் முரட்டுக் கம்பளியும் முரட்டுப் பருத்தியும். மேலே தடித்த துணி விழுந்தால் கீழே தடித்த சப்பாத்து உறுத்தாது, இரண்டும் ஒரே ஊர்க்காரர். விமானத்தில் பூட்ஸ் மட்டும் வந்து இறங்கியிருக்கிறது, சொந்தக்காரர் வரவில்லை. வரவும் முடியாது. ஃபிளனலில் லோங்ஸ் தைத்துத் தரச் சொன்னால் தருவேன், பங்குனி வெய்யிலில் நீர் வந்து என்னைத் திட்டுவீர். உமது கருநீலக் கோட்சூட் எந்தத் துணி என்று எழுதவில்லை. இங்கே தைத்தது என்றால் அநேகமாகப் பொலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணியாக இருக்கும். மெல்லியது, வழுவழுப்பு, ஹோட்டல் வெளிச்சத்தில் கொஞ்சம் மினுங்கும். அதற்குக் கீழே இந்தப் பூட்ஸ் என்றால் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மழைச் சப்பாத்து போட்ட கதைதான்.

ஆனபடியால் எங்கள் வெக்கைக்குப் பொருந்துகிற வேறு சொந்தக்காரரைத் தேடவேண்டும். மினுக்கம் இல்லாத, கையில் பிடித்தால் கொஞ்சம் சொரசொரப்புத் தெரிகிற பருத்தித் துணி நல்லது. தடித்த ட்ரில்லில், கடும் சாம்பலில் அல்லது கடும் பச்சையில் ஒரு லோங்ஸ் தைத்துக்கொள்ளும். லினன் கலந்த துணியும் சரி, கசங்கும், கசங்கட்டும். அதோடு வெள்ளை நீளக்கைச் சேட், நிறம் இருட்டின பூட்ஸ், அதே இருட்டில் ஒரு பெல்ற். பெல்ற் ஒரே தோலில் வெட்டினது மாதிரி இருக்க வேண்டியதில்லை. காலைத் தேவாலயத்துக்கு இப்படியே போகலாம். ரை வேண்டாம், கோட்டும் வேண்டாம். நத்தார் கழிந்த கிழமையில் மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும், அப்போது தோல் அடிச் சப்பாத்துப் போட்டவன் வழுக்கிக்கொண்டு நிற்பான், நீர் நேரே நடந்து போவீர். ஒன்று மட்டும் நண்பனிடம் முதலே கேட்டு வையும். சில தேவாலயங்களில் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இரவு வரவேற்பு வேறு கதை. கருநீலக் கோட்சூட், வெள்ளைச் சேட், ரை என்று நீர் போனால் இந்தப் பூட்ஸை இப்போது இருக்கிற கோலத்தில் போடவேண்டாம் என்பதுதான் என் பதில். அடியை மாற்றி, நிறத்தை இருட்டாக்கி, நூலையும் மாற்றினால் போடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு வேலை செய்ய மனம் இல்லாவிட்டால் துளையில்லாத சாதாரணக் கறுப்புச் சப்பாத்து ஒன்று வாங்கும். அது எப்படியும் தை மாதம் உமக்குத் தேவை.

ஏனென்றால் கொழும்பு வங்கிக்கு இந்தப் பூட்ஸ் வேண்டாம். மாற்றினாலும் வேண்டாம். லண்டனில் பழுப்பு நாட்டுப்புறத்துக்கு, கறுப்பு நகரத்துக்கு என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. வங்கிக்காரர்தான் அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றவர்கள். கொழும்பில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் என்ன போட்டிருப்பார் என்று யோசித்துப் பாரும். உமது கணக்கறிவைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் உமது காலைப் பற்றி ஒருவர் யோசித்தாலே நட்டம். வேலை கிடைத்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் போட்டுக்கொண்டு போம்.

எங்கள் ஊரில் இன்னொரு கூத்து இருக்கிறது, எந்த வெளிநாட்டு ஆலோசனைக்காரரும் இதைச் சொல்லமாட்டார். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போகிற இடத்தில் எல்லாம் சப்பாத்தைக் கழற்றச் சொல்வோம். வீட்டு வாசலில் கழற்றவேண்டும், கோயிலில் கழற்றவேண்டும், சைவக் கலியாணத்தில் மணவறையில் ஏறி அறுகரிசி போட முதலும் கழற்றவேண்டும். போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டுவிட்டுப் போனபோது 'சப்பாத்து' என்ற சொல்லையும் 'களுசான்' என்ற சொல்லையும் விட்டுவிட்டுப் போனார்கள். சொல்லை எடுத்துக்கொண்டோம், வாசலில் கழற்றுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. கணுக்காலுக்கு மேலே நூல் கட்டின பூட்ஸோடு மணவறைப் படியில் குனிந்து நிற்கிறவரைப் பார்த்திருக்கிறீரா? பின்னால் அன்ரிமார் வரிசையில் நிற்பார்கள், கையில் இருக்கிற அறுகரிசி வியர்த்துப்போகும். பூட்ஸின் மேல் மூன்று சோடி துளையாக இல்லாமல் கொளுக்கியாக இருந்தால் பாதி நேரம் மிச்சம். உமது படத்தில் கொளுக்கி இருக்கிறது, அந்த அளவில் அதிர்ஷ்டம். ஆனாலும் சைவக் கலியாணங்களுக்கு இதைப் போடாதேயும். அப்படிப் போட்டுத்தான் தீருவேன் என்றால் சொக்ஸைப் பார்த்துப் போடும். மண்டபத்தில் பூட்ஸை ஐந்து பேர் பார்த்தால் சொக்ஸை ஐந்நூறு பேர் பார்ப்பார்கள். பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிற சொக்ஸோடு ஒருவர் ஆசீர்வதித்ததை நான் கண்டிருக்கிறேன்.

டெனிமுக்கு அதிகம் சொல்ல இல்லை. கடும் நீலம், கிழிசல் இல்லாதது, கீழே ஒரே ஒரு மடிப்பு, பூட்ஸின் மேல் விளிம்பு கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை. டெனிமைப் பூட்ஸுக்குள் செருகாதேயும். ரீசேட்டும் சரி, கைமடித்த சேட்டும் சரி. இங்கே பல்லு அடிகூட அழகுதான்.

லோங்ஸின் நீளத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள், இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். இப்போது பெடியங்கள் எல்லாரும் பொட்டம், அதாவது லோங்ஸின் கீழ் வாய் அகலம், ஆறரை, ஆறேமுக்கால் அங்குலம் என்று ஒட்டத் தைக்கச் சொல்கிறார்கள். சாதாரணச் சப்பாத்துக்கு அது பரவாயில்லை. பூட்ஸின் கழுத்து தடிப்பு, அந்தப் பொட்டம் அதன் மேலே ஏறி இறங்கமாட்டாது. மோட்டார்சைக்கிளால் இறங்கினவுடன் பூட்ஸை இழுத்துப் போடப் பின்னால் வைத்திருக்கிற இழுவாரில் துணி மாட்டிக்கொண்டு நிற்கும், ஒரு கால் கட்டையாய், மறு கால் நீளமாய் மண்டபத்துக்குள் போவீர். பூட்ஸுக்குப் பொட்டம் ஏழரைக்குக் குறையக்கூடாது, எட்டு என்றால் இன்னும் நல்லது. இழுவாரைக் காலைப் போட்டபின் உள்பக்கமாக மடித்துவிடும். லோங்ஸின் பின்பக்க உள்மடிப்பில், குதி உரசுகிற இடத்தில் ஒரு நாடாத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லும். துணி தேயாது, அந்தப் பாரத்துக்கு மடிப்பும் நேராக விழும். முன்பக்கம் பூட்ஸில் தொட்டும் தொடாமல் ஒரு சின்ன முறிவு போதும். உமது உயரத்துக்குக் கணுக்காலில் துணி குவிந்தால் கால் இன்னும் கட்டையாகத் தெரியும்.

மோட்டார்சைக்கிள் என்றவுடன் ஞாபகம் வந்தது. உமது படத்தில் இடது பூட்ஸின் மூக்கில், செட்டை தொடங்குகிற இடத்தில், விரலகலத்துக்கு ஒரு வெள்ளைத் தேய்மானம் தெரிகிறது. வலதில் இல்லை. கியர் லீவர்தானே? கோப்பாயிலிருந்து ரவுணுக்கு ஒவ்வொரு நாளும் அந்த இடத்தால்தான் கியரை மேலே தட்டுகிறீர். இன்னும் ஆறு மாதத்தில் அந்தப் பூ வேலை வழுக்கையாகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கிறீமும் காப்பாற்றாது. லீவருக்கு மெல்லிய றப்பர் உறை போடும், பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றினாலும் சரி. கலியாணத்தன்று செருப்போடு ஓடிப் போய், பூட்ஸைப் பையில் கொண்டுபோய் அங்கே போடும்.

மழைக்குப் பிறகு பூட்ஸை வெய்யிலில் வைக்காதேயும், அடுப்படியிலும் வைக்காதேயும், தோல் வெடிக்கும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஈரப் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிது அடையும். அடுத்தடுத்த நாள் போடவேண்டாம், வியர்வை காய ஒரு நாள் விடும். கார்த்திகை, மார்கழியில் பூஞ்சணம் பிடிக்கும். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு கிறீம் பூசும். பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்காதேயும். தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி யாராவது சொல்லுவார்கள், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். தோல் திட்டுத் திட்டாகக் கறுத்து, ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

நத்தாருக்கு இரண்டு கிழமைக்கு முதல் அந்தச் சாம்பல் லோங்ஸுக்குத் துணி எடுத்துக்கொண்டு வாரும். வரும்போது பூட்ஸையும் காலில் போட்டுக்கொண்டு வாரும், அது இல்லாமல் நான் நீளம் குறிக்கமாட்டேன். பக்கத்துக் கடை அண்ணர் ஊசியோடு இருப்பார், அந்த நூல் கிளம்புகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம்.